எந்த டிஷ்வாஷர் கரண்ட் கம்மியா இழுக்கும்?

3 பிப்ரவரி, கேள்வி

வீட்ல அஞ்சு பேருங்க, கோயம்புத்தூர் வடவள்ளி. சிறுவாணி தண்ணி வருது, அது வராத நாள்ல போர். பாத்திரம் தேய்க்க வந்துட்டிருந்த அக்கா ஊருக்குப் போயிட்டாங்க, அம்மாவுக்கு சோப்பு பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. டிஷ்வாஷர் வாங்கலாம்னு கடைக்குப் போனா ஒருத்தர் ஏ பிளஸ் பிளஸ் பிளஸ் எடுங்கங்கறார், இன்னொருத்தர் இந்தியாவுக்கு ஸ்டார் தான் பார்க்கணுங்கறார், ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சாயிரம் வித்தியாசம் சொல்றாங்க. கரண்ட் கம்மியா இழுக்கறது எது? வெச்சிருக்கறவங்க சொல்லுங்க.

3 பிப்ரவரி, ராத்திரி

தம்பி, ஸ்டார் தேடி அலையாதீங்க. ஃப்ரிட்ஜ், ஏசி மேல ஒட்டற பிஇஇ ஸ்டார் ஸ்டிக்கரை ஒரு டிஷ்வாஷர் மேலயும் நான் பார்த்ததில்ல. கடையில காட்டறதெல்லாம் ஐரோப்பா லேபிள். அதுலயும் அந்த பிளஸ் பிளஸ் பிளஸ் பழைய கதை. 2021 மார்ச் 1லேர்ந்து பிளஸ் எல்லாத்தையும் தூக்கிட்டு ஏ-ல ஆரம்பிச்சு ஜி வரைக்கும் புது ஸ்கேல் போட்டுட்டாங்க, பழைய ஸ்கேல்ல உச்சியில இருந்த மெஷின்லாம் புதுசுல சி, டி, ஈன்னு இறங்கி நிக்குது. அதனால யாராவது ஏ பிளஸ் பிளஸ் பிளஸ்னு காட்டினா அது பழைய ஸ்டிக்கர், அவ்ளோதான், மெஷின் மோசம்னு அர்த்தமில்ல.

புது லேபிள்ல பார்க்க வேண்டியது எழுத்தை இல்ல, நடுவுல பெருசா போட்டிருக்கற யூனிட் கணக்கை. 100 தடவை எக்கோ (கம்மி சூட்டுல ரொம்ப நேரம் கழுவற சிக்கன புரோகிராம்) ஓட்டினா எத்தனை யூனிட்னு இருக்கும். கூடவே ஒரு தடவைக்கு எத்தனை லிட்டர், எவ்ளோ நேரம், சத்தம் எவ்ளோன்னும் இருக்கும். 14 ப்ளேஸ் செட்டிங் (14 பேர் சாப்பிட்ட தட்டு, கப், கரண்டி கொள்ளற) பெரிய மெஷின்னா ஏ கிளாஸ் 54 யூனிட் பக்கம், சி 75, ஈ 95. அதாவது ஈ கிளாஸ் மெஷினே ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டைத் தொடல.

4 பிப்ரவரி

காலையில உக்காந்து கணக்குப் போட்டேன். ஈ-க்கும் சி-க்கும் வித்தியாசம் ஒரு தடவைக்கு 0.2 யூனிட். தினம் ஒரு தடவை ஓட்டினா வருஷத்துக்கு 73 யூனிட். யூனிட் 6 ரூபான்னு வெச்சா 438 ரூபா. இதுக்காக பதினஞ்சாயிரம் கூடக் குடுத்தா அந்தப் பணம் திரும்ப வர 34 வருஷம் ஆகும், அதுக்குள்ள மெஷின் ரெண்டு மூணு மாத்தியிருப்பீங்க. எழுத்துக்காக காசு குடுக்காதீங்க. வேற எதுக்குக் குடுக்கலாம்னு பின்னாடி சொல்றேன், அது கொஞ்சம் பெரிய விஷயம்.

4 பிப்ரவரி, சாயங்காலம்

"எக்கோ மூணரை மணி நேரம் ஓடுது, குயிக் ஒரு மணி நேரத்துல முடியுது, அப்ப குயிக் தானே கம்மி?" – இதை என் மாமியார்லேர்ந்து மாடி வீட்டு சார் வரைக்கும் எல்லாரும் கேட்டாச்சு.

இல்லவே இல்ல. கரண்ட் திங்கறது ஹீட்டர், நேரம் இல்ல. ஹீட்டர் 2000 வாட் பக்கம் இழுக்கும், ஆனா எக்கோல மொத்தமே கொஞ்ச நேரந்தான் அது வேலை செய்யுது. மீதி நேரம் சின்ன பம்ப் மட்டும் தண்ணியைச் சுத்தி விட்டுக்கிட்டே இருக்கு, அது ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு இழுத்தா அதிகம். குயிக்ல நேரம் இல்லாததால தண்ணியை 60, 65 டிகிரிக்கு ஏத்தி ஆகணும், எக்கோல 50 பக்கம் போதும், ஊறவெச்சு ஊறவெச்சு எடுத்துடும். சூடு, நேரம், சோப்பு, தண்ணி அடிக்கற வேகம் இந்த நாலுல ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணைக் கூட்டணும். 1959லயே ஹெர்பர்ட் சின்னர்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட் இதை வட்டமா வரைஞ்சு காட்டியிருக்கார், இன்னிக்கும் மெஷின் டிசைன் பண்றவங்க அதைத்தான் பிடிச்சிட்டிருக்காங்க. நம்ம அம்மாக்கள் அடிப்பிடிச்ச பாத்திரத்துல தண்ணி ஊத்தி ராத்திரி பூரா வெச்சு காலையில தேய்ப்பாங்களே, அதே சங்கதிதான்.

ராத்திரி படுக்கப் போறப்ப போட்டுட்டா மூணரை மணி நேரமா இருந்தா என்ன, நாலா இருந்தா என்ன.

6 பிப்ரவரி

மதுரைல ஒருத்தர் "கையால கழுவறதை விட மெஷின்ல கரண்டும் மிச்சம்னு ஆராய்ச்சியே இருக்கு"ன்னு சொல்றார். அந்த ஆராய்ச்சி உண்மை, ஜெர்மனி பான் யுனிவர்சிட்டில பண்ணினது. ஏழு நாட்டு ஆளுங்களை விட்டு 12 ப்ளேஸ் செட்டிங் பாத்திரத்தைக் கையால கழுவச் சொன்னாங்க, சராசரியா 103 லிட்டர் தண்ணி, 2.5 யூனிட் கரண்ட், 79 நிமிஷம் ஆச்சு. ஆனா அந்த 2.5 யூனிட் எங்கேர்ந்து வந்துச்சு? அவங்க வெந்நீர்ல கழுவறாங்க. நம்ம ஊர்ல யாரு வெந்நீர் வெச்சு தட்டு கழுவறா, குழாயைத் திறந்தா வர்ற தண்ணி, சபீனாவோ விம்மோ, தேங்கா நாரோ ஸ்க்ரப்போ, கரண்ட் பூஜ்ஜியம். அதனால மெஷின் வந்தா நம்ம கரண்ட் பில் கூடத்தான் செய்யும், யாரும் ஏமாத்த வேண்டாம். மிச்சமாகறது தண்ணி. 10 லிட்டர்ல ஒரு நாள் பாத்திரம் முடியறதுங்கறது லாரித் தண்ணி வாங்கற சென்னை மடிப்பாக்கத்துல எனக்குப் பெரிய விஷயம். அப்புறம் அந்த ஒண்ணேகால் மணி நேரம். அப்புறம் தம்பி சொன்ன அம்மா விரல்.

கேள்வி அதனால இப்படி மாறுது: கூடப் போற அந்தக் கரண்ட்டை எவ்ளோ கம்மியா வெச்சுக்கறது.

6 பிப்ரவரி, அதுக்குத் தொடர்ச்சியா

நமக்கு ஒரு சாதகம் இருக்கு, யாரும் சொல்றதில்ல. லேபிள்ல இருக்கற யூனிட் 15 டிகிரி தண்ணி உள்ள போறதா வெச்சு அளந்தது. சென்னைல டேங்க் தண்ணி 28, 30க்குக் கீழ போறதே அபூர்வம், மே மாசத்துல குழாயைத் தொட்டா கை சுடும். ஒரு யூனிட் கரண்ட் 10 லிட்டர் தண்ணியை 86 டிகிரி ஏத்தும், இது பத்தாங்கிளாஸ் ஃபிசிக்ஸ். 15லேர்ந்து 50க்குப் போக 35 டிகிரி ஏத்தணும், 30லேர்ந்துன்னா 20 தான். ஹீட்டர் வேலை பாதிக்குப் பக்கமா குறையுது. நான் ப்ளக்குல மாட்டற 16 ஆம்பியர் மீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுப் பார்த்தேன், லேபிள்ல 0.95 போட்டிருக்கற என் மெஷின் எக்கோல முக்கால் யூனிட்டுக்குள்ளயே முடிச்சுடுது. ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு இது பொருந்தாது, அவங்களுக்கு லேபிள் கணக்கேதான்.

9 பிப்ரவரி

இப்ப முக்கியமானதுக்கு வரேன். மேல போட்ட கணக்கெல்லாம் எக்கோ ஓட்டினா. நிறைய வீட்ல எக்கோ ஓட்டறதே இல்ல! "நம்ம எண்ணெய்ப் பிசுக்குக்கு எக்கோ பத்தாது"ன்னு யாரோ முதல் நாளே சொல்லிடறாங்க, டெமோ காட்ட வர்றவரே 70 டிகிரி இன்டென்சிவ்ல போட்டுக் காட்டிட்டுப் போறார், அதுக்கப்புறம் அந்த வீட்ல வருஷம் பூரா இன்டென்சிவ் தான். என் மீட்டர்ல அது எக்கோவை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஏ கிளாஸ் வாங்கி தினம் இன்டென்சிவ் ஓட்டறவங்களை விட ஈ கிளாஸ் வாங்கி எக்கோ ஓட்டறவங்களுக்குத்தான் பில் கம்மி வரும். தம்பி, எனக்குத் தெரிஞ்சு மொத்த விஷயமே இதுதான்: தினமும் எந்த புரோகிராம் ஓட்டப் போறீங்களோ அதுக்கு மேனுவல்ல எத்தனை யூனிட் போட்டிருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் மேனுவல்லயே அட்டவணை இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடியே நெட்ல டவுன்லோட் பண்ணிப் படிச்சிடலாம்.

எக்கோல நம்ம பாத்திரம் வெளுக்குமான்னா, வெளுக்கும். சாம்பார், ரசம், பொரியல் தட்டு, டம்ளர் டபரா, குழம்புக் கரண்டி எல்லாம் பளிச்னு வருது. கழுவிட்டுப் போட வேண்டாம், சோத்துப் பருக்கை, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கையை வழிச்சு குப்பைல தட்டிட்டுப் போட்டா போதும். குழாய்ல கழுவிட்டுப் போடறது தண்ணியும் தண்டம், மெஷினும் தண்டம். சோப்புல இருக்கற என்சைம் மாவுச்சத்தையும் புரதத்தையும் அறுக்கத்தான் இருக்கு, அதுக்கு 50 டிகிரி தான் பிடிச்ச சூடு.

எக்கோல வராதது ரெண்டு. காய்ஞ்ச இட்லி மாவு, அடிப்பிடிச்ச பால். இது ரெண்டையும் சமைச்சு முடிச்ச கையோட தண்ணி ஊத்தி வெச்சிடுங்க. கடாய், பிரியாணி குண்டான்லாம் சேர்ந்துட்டா வாரத்துல ஒரு நாள் இன்டென்சிவ் போட்டுக்கலாம், தப்பில்ல.

10 பிப்ரவரி

சின்னது: விம் லிக்விடை மெஷின்ல ஊத்தலாமான்னு கேட்டவங்களுக்கு, கூடவே கூடாது. நுரை கதவு வழியா தரைக்கு வரும், சென்சார் குழம்பிடும்.

15 பிப்ரவரி

காசு எதுக்குக் கூடக் குடுக்கலாம்னு சொல்றேன்னேன்ல. ரேக்குக்கு.

ப்ளேஸ் செட்டிங்னு சொல்றது ஐரோப்பா சாப்பாட்டு மேஜைக் கணக்கு. ஒரு பெரிய தட்டு, ஒரு சூப் தட்டு, ஒரு சின்னத் தட்டு, கப், சாஸர், கிளாஸ், கத்தி முள்கரண்டி. நம்ம வீட்ல இதுல எது இருக்கு? விளிம்பு வெச்ச எவர்சில்வர் தட்டு, குக்கர், அதுக்குள்ள வைக்கற அடுக்கு, இட்லித் தட்டு, வாய் குறுகின சொம்பு, தயிர்க் கிண்ணம். 14 செட்டிங்னு எழுதியிருக்கற மெஷின்ல குக்கரும் ரெண்டு குண்டானும் வெச்சா கீழ் ரேக் பாதி போச்சு. அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓட்டுவீங்க, அங்க போச்சு உங்க ஏ கிளாஸ். அதனால கடைக்குப் போறப்ப வெக்கப்படாம ஒரு பையில வீட்டுப் பாத்திரத்தை எடுத்துட்டுப் போங்க, உங்க அஞ்சு லிட்டர் குக்கர், இட்லிக் கொத்து, பெரிய தட்டு ரெண்டு. அடுக்கிப் பாருங்க. கீழ் ரேக்ல குத்திட்டு நிக்கற கம்பியெல்லாம் மடங்கணும், மேல் ரேக்கை ஏத்தி இறக்க முடியணும், கரண்டி எல்லாம் படுக்க வைக்க மேல மூணாவது தட்டு இருந்தா கீழ எடம் மிச்சம். தண்ணி அடிக்கற மேல் கை கீழ் கை ரெண்டும் தடையில்லாம சுத்துதான்னு கையால சுத்திப் பாருங்க, சட்டுவம் பிடி நீட்டிட்டு நின்னா தட்டி நின்னுடும்.

அஞ்சு பேருக்கு 60 செமீ பெரிய மெஷினே எடுங்க. மேடை மேல வைக்கற 8 செட்டிங் சின்ன மெஷினும் உள்ள தண்ணியை அதே மாதிரிதான் சுட வைக்கணும். யூனிட்டை செட்டிங்கால வகுத்துப் பார்த்தீங்கன்னா பெரிய மெஷினை நிரப்பி ஒரு தடவை ஓட்டறதுதான் சிக்கனம். ஹாஃப் லோட் பட்டனை நம்பி பெருசு வாங்காதீங்க, பாதிப் பாத்திரத்துக்குப் பாதிக் கரண்ட் ஆகாது, கொஞ்சந்தான் குறையும். நிறையற வரைக்கும் கதவைச் சாத்தி வெச்சுட்டு ராத்திரி ஓட்டுங்க.

15 பிப்ரவரி, விட்டுப் போனது

போடக் கூடாதது: இரும்பு தோசைக்கல் (துரு, பழக்கின எண்ணெயெல்லாம் போயிடும்), அலுமினியக் குண்டான் (கறுத்துடும்), பித்தளை, ஈயச் சொம்பு, மண்சட்டி, மரக் கரண்டி. உங்க வீட்ல அலுமினியம் நிறையன்னா அதையும் யோசிச்சுக்கோங்க.

22 பிப்ரவரி

தண்ணி பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, டிடிஎஸ் மீட்டர் வெச்சு 900 காட்டுது, மெஷின் தாங்குமான்னு. டிடிஎஸ் வேற, கடினத்தன்மை வேற. டிடிஎஸ்ங்கறது தண்ணில கரைஞ்சிருக்கற மொத்தம், அதுல உப்பு, சோடியம் எல்லாம் சேர்ந்து வரும், மெஷினைக் கெடுக்கறது கால்சியமும் மெக்னீசியமும்தான். ஹீட்டர்ல வெள்ளையா படிஞ்சு, சூடு தண்ணிக்குப் போறதைத் தடுக்கும், அப்ப அதே வேலைக்குக் கரண்ட் கூட இழுக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல பாட்டில்ல தண்ணி குடுத்தா கட்டணம் வாங்கிட்டு கடினத்தன்மை தனியா அளந்து தருவாங்க. குடிதண்ணிக்கான இந்தியத் தரத்துல லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லன்னா 600 வரைக்கும் சரிங்கறாங்க. மெஷின் மேனுவல்ல ஜெர்மன் டிகிரில போட்டிருப்பாங்க, ஒரு டிகிரின்னா 17.8 மில்லிகிராம். 50 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருந்தா 890 வரைக்கும். உள்ளயே சாஃப்ட்னர் (கடினத்தன்மையைக் குறைக்கறது) இருக்கற மெஷின் தான் வாங்கணும், போர் தண்ணி வீட்டுக்கு இதுல பேரமே இல்ல. உப்பு போடற மூடி அடியில இருக்கும், டிஷ்வாஷர் சால்ட் மட்டும்தான் போடணும். சமையல் தூள் உப்புல கட்டி பிடிக்காம இருக்க சேர்க்கற பொடி உள்ள அடைச்சுக்கும்.

ஆர்ஓ வேஸ்ட் தண்ணியை மெஷினுக்குப் பிடிச்சு விடலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு. வேணாம், அதுல கடினத்தன்மை இன்னும் கூடத்தான் இருக்கும். தரை துடைக்க வெச்சுக்கோங்க.

23 பிப்ரவரி

வடவள்ளித் தம்பிக்கு மட்டும். சிறுவாணி கடினத்தன்மை ரொம்பக் கம்மியான தண்ணி, உங்களுக்கு எங்க ஊர்த் தலைவலி இல்ல, ஆனா வேற ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி தண்ணில சோப்பு கூடப் போச்சுன்னா கண்ணாடி டம்ளர் நாளடைவுல மங்கிடும். உப்புப் படிவம்னா எலுமிச்சைல துடைச்சா போகும், இது கண்ணாடியே அரிக்கறது, போகாது. சாஃப்ட்னரைக் குறைஞ்ச செட்டிங்ல வைங்க, பவுடரைக் குறைச்சுப் போடுங்க. போர் தண்ணிக்கு மாறுற நாள்ல செட்டிங்கை ஏத்துங்க, பட்டன்லயே மாத்தலாம். டேப்லெட்னா அளவு மாத்த முடியாது, அதனால உங்களுக்கு பவுடர் தான் சரி. காசும் கம்மி. இன்னொண்ணு கவனிச்சீங்களா, ஒரு நல்ல டேப்லெட் விலை அந்த ஓட்டத்தோட கரண்ட் செலவை விட ஜாஸ்தி, இத்தனை நாளா நாம கரண்ட்டையே பேசிட்டிருக்கோம்!

3 மார்ச்

பில் ஸ்லாப் பத்திக் கேட்ட திருச்சி அக்காவுக்கு. தினம் ஒரு தடவை, 0.8 யூனிட்னு வெச்சா ரெண்டு மாசத்துக்கு 48 யூனிட். 300ல இருக்கறவங்களுக்கு இது பெருசாத் தெரியாது. 470, 480ல நிக்கறவங்க தான் பார்க்கணும். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணப்படி ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்னா 1725 ரூபாவா இருந்துச்சு. 501 ஆயிட்டா 101லேர்ந்து 200 வரைக்கும் இருந்த 2.25 ரேட் போய் அதுவும் 4.50 ஆச்சு, 500க்கு மேல யூனிட் 8 ரூபா, ஆக மொத்தம் 1958 வந்துச்சு. அந்த ஒரே யூனிட் 233 ரூபா. அதுக்கப்புறம் ரேட் இன்னும் ஏறியிருக்கு. அந்த ஓரத்துல இருக்கறவங்க கீஸர் டெம்பரேச்சரை ஒரு சுத்து குறைச்சாலே மெஷினுக்கு வேண்டியது கிடைச்சிடும், அதை முதல்ல பண்ணுங்க.

8 மார்ச்

சோலார் வாட்டர் ஹீட்டர் லைனைக் குடுக்கலாமா? நிறைய மெஷின் 60 டிகிரி வரைக்கும் உள்ள வாங்கிக்கும், மேனுவல்ல பார்த்துட்டுக் குடுங்க, மத்தியானத்துல மொட்டை மாடி டேங்க் அதுக்கு மேலயும் போகும். ஆனா மாடிலேர்ந்து சமையக்கட்டுக்கு நீளமான பைப்னா, மெஷின் ஒவ்வொரு முறை தண்ணி பிடிக்கறப்பவும் எடுக்கறதே மூணு நாலு லிட்டர், பைப்ல நிக்கற ஆறின தண்ணிதான் உள்ள போகும், சூடு தண்ணி வர்றதுக்குள்ள வால்வு மூடிடும். சமையக்கட்டுக்கு நேர் மேல டேங்க் இருந்தா மட்டும் செய்யலாம். சோலார் பேனல் போட்டிருக்கறவங்களுக்கு அந்தச் சிக்கலே இல்ல, டிலே ஸ்டார்ட்ல பகல் 11 மணிக்கு வெச்சிடுங்க.

அழுத்தம் பத்தியும் சொல்லிடறேன். மெஷினுக்கு 0.3 பார் அல்லது 0.5 பார் தண்ணி அழுத்தம் வேணும்னு போட்டிருக்கும். டேங்க்லேர்ந்து 10 மீட்டர் கீழ இருந்தா 1 பார். மொட்டை மாடி டேங்க்குக்கு நேர் கீழ் ஃப்ளாட்னா 3 மீட்டர், 0.3 தான். மேல் மாடிக்காரங்க 0.3 மெஷினாப் பார்த்து எடுங்க, இல்லன்னா தண்ணி வரலன்னு எர்ரர் காட்டிக்கிட்டே இருக்கும். கழுவற வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அது உள்ள இருக்கற பம்ப் பார்த்துக்கும். 16 ஆம்பியர் பாயின்ட் தனி லைன்ல வேணும், மிக்ஸி போர்டுல சொருகாதீங்க.

19 மார்ச்

"ரெண்டு மாசமா நல்லாதான் இருந்துச்சு, இப்ப மேல் ரேக் டம்ளர்ல மண்ணு மாதிரி ஒட்டுது, இன்டென்சிவுக்கு மாத்திட்டேன்"னு சேலத்துலேர்ந்து ஒரு அம்மா.

இன்டென்சிவ் வேணாம்மா, சுத்தற கையைக் கழட்டிப் பாருங்க. மேல் கையை இடப்பக்கம் திருகினா இல்ல கொக்கியை அமுக்கினா வந்துடும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை ஒவ்வொண்ணாப் பாருங்க, கடுகு உக்காந்திருக்கும். நம்ம தாளிப்புக் கடுகும் அந்த ஓட்டையும் ஒரே சைஸ்! வெளியேர்ந்து குத்தினா உள்ள விழுந்து குலுங்கும், அப்படியே குலுக்கி நுனி வழியா தட்டி எடுக்கணும், இல்ல பல்குத்தற குச்சில நெம்பி எடுக்கணும். அடியில ஃபில்டர் கப்பையும் திருகித் தூக்குங்க, வலையில கறிவேப்பிலைக் காம்பு, தேங்காத் துருவல், மிளகாய்த் தோல் எல்லாம் ஒரு பிசினா ஒட்டியிருக்கும், பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு விடுங்க. ஓட்டை அடைஞ்சா எத்தனை டிகிரி வெச்சாலும் தண்ணி அங்க போகாது. வாரம் ஒரு தடவை இதைப் பண்ணினா எக்கோலயே காலத்தைத் தள்ளலாம்.

பிளாஸ்டிக் டப்பால மஞ்சள் போகலன்னா அதுக்கும் சூட்டைக் கூட்டாதீங்க. வெயில்ல ரெண்டு நாள் கவுத்துங்க, மஞ்சள் நிறம் வெயில்ல தானா வெளுத்துடும்.

2 ஏப்ரல்

தம்பி ரெண்டு மாடல் அனுப்பிக் கேட்டிருக்கார். ஒண்ணு சி, நாலாயிரம் கூட, ரேக் கம்பி மடங்காது. இன்னொண்ணு ஈ, கம்பி மடங்கும், மூணாவது தட்டு இருக்கு, முடிஞ்சதும் கதவு தானா கொஞ்சம் திறந்துக்கும், சர்வீஸ் ஆள் காந்திபுரத்துலேர்ந்தே வருவாராம். ரெண்டாவதை எடுங்க. கதவு திறக்கறது சும்மா அலங்காரம் இல்ல, ஆவி வெளிய போயிடறதால காய வைக்கறதுக்குன்னு கடைசித் தண்ணியை ரொம்பச் சுட வைக்க வேண்டியதில்ல. எக்ஸ்ட்ரா ட்ரை பட்டனைத் தொடாதீங்க, எவர்சில்வர் சூட்டோட தானே காய்ஞ்சிடும், டம்ளர் அடிக் குழில நிக்கற தண்ணியை மட்டும் உதறிட்டு வைங்க.

மேடைக்கு அடியில வைக்கறதா இருந்தா அந்த ஆவி மேல் பலகைல படும், ப்ளைவுட்னா அடியில ஸ்டீல் தகடு ஒட்டிட்டு அப்புறம் மெஷினைத் தள்ளச் சொல்லுங்க. டெலிவரிக்கு முன்னாடி 16 ஆம்பியர் பாயின்ட், தண்ணிக்கு முக்கால் இஞ்ச் குழாய், கழிவுக்கு சிங்க்கு அடியில ஒரு கிளை, மூணையும் போட்டு வெச்சிடுங்க.

டெமோக்காரர் வந்து இன்டென்சிவ் அமுக்கப் போவார், எக்கோ போட்டுக் காட்டச் சொல்லுங்க.